அகலச்சேற்றில் பறவை இல்லை

இன்பமணிக்கு அன்று காலையிலிருந்தே கண்ணில் படுகிறவனை எல்லாம் இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. வரிசையில் முதலில் நின்றவர் ரேஞ்சர் பாண்டியராஜன். விளாத்திகுளத்துக்காரர், முப்பத்து நாலு வயசு, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, சேற்றில் ஒரு தடவைகூட இறங்காத பூட்ஸ். அவர் மேசையில் வரைபடத்தை விரித்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்கும் நடுவே ஒரு விரலை ஊன்றி, "இந்த வருஷ டார்கெட் இங்கதான் அண்ணாச்சி. அறுபது ஹெக்டேர்" என்றார்.

விரல் ஊன்றிய இடம் அகலச்சேறு. இன்பமணி முப்பத்தொரு வருஷமாக வனக்காவலர். அதில் பதினைந்து வருஷம் காவல் காத்தது அந்தச் சேற்றைத்தான்.

"எதுக்கு சார்?"

"அலையாத்தி நடப்போறோம். எங்கயோ நாலுவழிச் சாலைக்கு மரம் வெட்டியிருக்காங்க. அதுக்கு ஈடா இங்க காடு வளர்க்கணுமாம். ஆவணியில பொக்லைன் இறங்குது. மீன்முள்ளு மாதிரி நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன வாய்க்கால், கரையெல்லாம் கன்னு. மழைக்கு முந்தி நட்டு முடிச்சிரணும்."

"சார், அங்கன பறவை இருக்கு."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் இன்பமணிக்கு உறைத்தது. யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். அவர் மட்டும் சொல்லக்கூடாது.

பாண்டியராஜன் சிரித்தபடி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார். "எத்தனை இருக்கு?"

இன்பமணி ஃபைலின் அட்டையைப் பார்த்தார்.

"நானே சொல்லுதேன். முப்பத்தெட்டு. அடுத்த வருஷம் நாப்பத்தொண்ணு. அப்புறம் முப்பத்தாறு, நாப்பது, முப்பத்தேழு. பதினோரு தை மாசம் அண்ணாச்சி. பதினோரு தடவையும் நீங்களே எண்ணி, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதை வச்சுத்தான் மேல 'பறவை வாழிடம் அல்ல, தரம் குன்றிய வெற்று நிலம்'னு முடிவு பண்ணியிருக்காங்க. இதைவிட வில்லங்கம் இல்லாத இடம் நம்ம ரேஞ்சுலயே கிடையாது."

பாண்டியராஜன் இன்பமணியின் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். நாசரேத்தில் படித்த காலத்தில் அழகுக்காகப் பரிசு வாங்கிய கையெழுத்து அது. ஒரு சுழி பிசகாமல் பதினோரு தாளிலும் உட்கார்ந்திருந்தது. பதினோரு தாளும் பொய்.

அகலச்சேற்றைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஒன்றும் அழகான இடம் இல்லை. கடல் ஏறும்போது கணுக்காலளவு தண்ணீர், இறங்கினால் நாற்றமடிக்கும் சாம்பல் சேறு. வடக்கே பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்களும் புகைபோக்கிகளும். ஒரு மரம் கிடையாது, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால்தான் பறவைகளுக்கு அந்த இடத்தின் மேல் அத்தனை பிரியம். நரி வந்தாலும் வல்லூறு வந்தாலும் அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். ஐப்பசி பிறந்தால் பூநாரை வரும். பின்னாலேயே உள்ளான், வளைந்த அலகுக் கோட்டான், ஆலா என்று வந்து இறங்கி, பங்குனிவரை அந்தச் சேற்றைக் கிண்டித் தின்றுகொண்டு கிடக்கும். பங்குனி கழிந்தால் கிளம்பிவிடும். அப்புறம் ஆறு மாதத்துக்கு வெறும் சேறுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய தை மாதம் இன்பமணி அவற்றை ஒழுங்காகத்தான் எண்ணினார். முழங்கால் சேற்றில் அரைப் பகல் நின்று, கண் பூத்துப்போய், ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய அன்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தார். மடத்தனம்.

மாசியிலேயே ஜீப்புகள் வந்தன. நீளக் குழாய் வைத்த கேமராக்களோடு பெரிய மனிதர்கள் வந்தார்கள். படகு பிடித்துக் கொடுக்கவும், நண்டு வறுத்துக் கொண்டுவந்து வைக்கவும், அவர்கள் பூட்ஸைக் கழுவவும் இன்பமணி ஒருத்தர்தான். போகிற போக்கில் 'உள்ளே நுழைவது தண்டனைக்குரிய குற்றம்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். சேற்றை ஒட்டிய சூசைபுரத்துச் சனங்களுக்கு அந்தச் சேறுதான் அடுப்பு. பெண்கள் மட்டி பொறுக்குவார்கள், ஆண்கள் கம்பி வைத்து வளை நண்டு பிடிப்பார்கள். பலகை வந்த அடுத்த வாரம் செல்லத்தாய் என்கிற பெண்ணின் கூடையை இன்பமணி பிடுங்கி, மட்டியைத் தண்ணீரில் கொட்டி, வழக்கும் போட்டார். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. நண்டு பிடிக்கிற இஞ்ஞாசியின் தம்பி கண்ணி வைத்து நாலு கோட்டானைப் பிடித்தான் என்று பதினைந்து நாள் உள்ளே இருந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? இன்பமணி வீட்டுக்கு மீன் விற்க ஆள் வரவில்லை. பைக் டயரில் ஆணி. ஓட்டின் மேல் கல். மாற்றல் கேட்டு எழுதிப்போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. கடைசியில் மறு தை பிறக்கும்போது இஞ்ஞாசிதான் ஒரு பை நிறைய நண்டோடு வந்தான்.

"கார்டையா, எதுக்கு இந்த வம்பு? கணக்கைக் குறைச்சுப் போட்டுரும். எண்ணிக்கை இல்லேன்னா ஒருத்தன் வரமாட்டான். நாங்களும் கண்ணி தொடமாட்டோம், மாதா மேல சத்தியம். நம்ம பாட்டுக்கு நாம, அது பாட்டுக்கு அது."

இன்பமணி பேனாவை எடுத்தார். எந்த எண் போடுவது என்று தெரியவில்லை. முப்பத்தெட்டு என்று தன் சட்டை அளவையே எழுதினார். பிறகு வந்த வருஷங்களில் ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார். முந்திய ஆறாயிரம் அந்த ஒரு வருஷம் மட்டும் வழி தப்பி வந்த கூட்டம் என்று மேலே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சொன்ன சொல்லை ஊர் காப்பாற்றியது. பலகை துருப்பிடித்து விழுந்தது, ஜீப் வரவில்லை, கண்ணி வைக்கவில்லை. மட்டி பொறுக்குகிற பெண்கள் பக்கத்தில் போனால்கூடப் பூநாரைகள் தலை தூக்காமல் மேய்ந்தன. காகிதத்தில் பறவை குறையக் குறையச் சேற்றில் பெருகியது. போன தையில் பத்தாயிரத்துக்குக் குறையாது. எங்கேயும் அவர் அதை எழுதிவைக்கவில்லை. எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்.

ரேஞ்சர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அவருக்கு அந்தத் தாள்களின் மேல் வந்த ஆத்திரத்தைவிட 'வெற்று நிலம்' என்ற வார்த்தையின் மேல் அதிக ஆத்திரம் வந்தது. மரம் இல்லாத இடத்தைக் கண்டால் இவர்களுக்குக் கை அரிக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு புல்வெளியையும் இப்படித்தான் வெற்று நிலம் என்றார்கள். சீமைக்கருவேல விதையைச் சாக்குச் சாக்காக வீசச் சொன்னார்கள், வீசினார். பத்து வருஷத்தில் முள் அடைத்துக்கொண்டது. ஓடித் திரிய வெளி வேண்டிய வெளிமான்கள் போன இடம் தெரியவில்லை. அப்புறம் அந்த முள்ளே ஆகாது என்று பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் குடியிருந்து பழகிவிட்ட காட்டுப்பூனையும் முயலும் தார்ச்சாலையில் அடிபட்டுச் செத்தன. பிடுங்கியதும் இவர்தான். சுனாமிக்குப் பிறகு கடற்கரை மணலில் சவுக்கு நட்டார். முட்டையிட ஏறி வந்த ஆமையின் தடம் சவுக்கு வேரில் முட்டி அப்படியே கடலுக்குத் திரும்பியிருந்ததை ஒரு விடியற்காலையில் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உத்தரவு போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார். நட்டவன் மட்டும் அங்கேயே நிற்பான்.

வீட்டுக்கு வந்து மனைவி பிரேமாவிடம் விஷயத்தைச் சொன்னார். உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதையும் சொன்னார்.

பிரேமா கையில் இருந்த தட்டை ஓசைப்படக் கீழே வைத்தாள். "ரிட்டையர்டு ஆக இன்னும் பதினாலு மாசம். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதோ? பதினோரு வருஷம் மூடிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சேறு போயிரும்ளா."

"போவட்டும். பென்ஷன் போயிட்டா நம்மள அந்தச் சேறா சோறு போட்டுக் காப்பாத்தும்? இந்த ஊர்க்காரன் காப்பாத்துவானா? ஓட்டு மேல கல்லு விட்டவந்தானே."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அந்த எரிச்சலில் இன்பமணி சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சூசைபுரம் போனார்.

சூசையப்பர் கோயிலுக்குப் பின்னால், படகு நிழலில் உட்கார்ந்து இஞ்ஞாசி கம்பியை வளைத்துக்கொண்டிருந்தான். செல்லத்தாய் கொஞ்சம் தள்ளி மட்டி ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சேற்றில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஆட்கள் ஊன்றிவிட்டுப் போன செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது.

"வாரும் வே கார்டு" என்றான் இஞ்ஞாசி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "வாய்க்கா வெட்டப் போறீகளாமே. வெட்டுனா தண்ணியெல்லாம் வாய்க்காலுக்குள்ள போயி மத்த இடம் காஞ்சுரும். நண்டு ஏது, மட்டி ஏது?"

"அதைத் தடுக்கத்தான் வந்திருக்கேன். பறவை இருக்கற இடம்னு சொன்னாத்தான் நிக்கும். நான் பொய்க்கணக்கு எழுதுனேன்னு ஊர்ல நடக்கப்போற மீட்டிங்குல நானே சொல்லுதேன். நீங்க எந்திரிச்சு, ஆமா நாங்க கண்ணால பாத்தோம்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அப்ப நீரு எழுதுனதாலதான் வந்துச்சா இவ்வளவும்?"

இன்பமணிக்குத் தலைக்கு ஏறியது. "எழுதச் சொன்னது யாரு வே? நண்டுப் பையோட என் வாசல்ல வந்து நின்னது யாரு?"

"நான் நண்டு குடுத்தேன். பேனாவைக் குடுக்கல."

செல்லத்தாய் ஓட்டைத் தட்டுவதை நிறுத்தினாள். "பறவை இருக்குன்னு சொன்னா மறுபடியும் பலகை நடுவீகளா?"

"அதை அப்புறம் பேசிக்கிடலாம்ளா. முதல்ல பொக்லைனை நிறுத்தணும்."

"அப்புறம்னா எப்பம்? என் கூடையைப் பிடுங்குன பெறவா?"

இன்பமணி பைக் சாவியை எடுத்தார். "பேச வந்தா பேசவிட மாட்டீக. இந்த ஊருக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று கத்திவிட்டுத் திரும்பினார். ஆனாலும் இஞ்ஞாசி, பைக் கிளம்பும்போது, "மீட்டிங்குக்கு வாரோம். நீரு முதல்ல சொல்லும், பாப்போம்" என்றான். அந்தப் 'பாப்போம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இன்பமணி அன்றைக்குத் தூங்கினார்.

ஆடி இரண்டாம் வாரம் சூசைபுரம் பங்கு மண்டபத்தில் கூட்டம். மாவட்ட வன அலுவலர் அனுசியாவே வந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர் என்று பெயர். ஆடிக் காற்று ஜன்னலைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. பாண்டியராஜன் அலையாத்திக் காட்டின் நன்மைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். புயலைத் தடுக்கும், இறால் பெருகும், காற்றிலுள்ள கரியை உறிஞ்சும். பொய் ஒன்றும் இல்லை. எங்கே நட வேண்டும் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்பமணி எழுந்தார். "மேடம், அந்தப் பதினோரு வருஷக் கணக்கும் நான் மனசறிஞ்சு எழுதுன பொய்க்கணக்கு. அகலச்சேத்துல பத்தாயிரம் பறவை வருது."

அனுசியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப சொல்றீங்களா?"

"அப்ப."

"ஏன் எழுதுனீங்க?"

இன்பமணி இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நண்டுப் பையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் விழுங்கிக்கொண்டார். "ஊர்ல சண்டை வந்துது. பயந்து எழுதிட்டேன்."

"சரி, போய்ப் பாத்துருவோம்" என்று அனுசியா எழுந்தார். அதுதான் நியாயமான அதிகாரி செய்யக்கூடியது. வந்த சனியன் அந்த மாதம். சேறு விளிம்புவரைக்கும் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் நாலு கொக்கு. காற்று மணலை வாரி எல்லார் கண்ணிலும் போட்டது.

"எங்க?"

"மேடம், ஐப்பசியில வரும். இது அதுக்குக் காலம் இல்ல."

"ஐப்பசியில மழை. அதுக்கு முந்தி நட்டாகணும். போட்டோ இருக்கா?"

இன்பமணி தன் போனைக் கொடுத்தார். சேறும் வானமும், நடுவில் இளஞ்சிவப்பாய்ப் புள்ளிகள். பாண்டியராஜன் எட்டிப் பார்த்து, "இது எந்த உப்பளம்னாலும் இப்படித்தான் மேடம் இருக்கும்" என்றார். அதுவும் பொய் இல்லை.

அனுசியா ஊர்ப் பக்கம் திரும்பினார். "உங்கள்ல யாராவது கண்ணால பாத்திருந்தா சொல்லுங்க. உண்மைன்னு தெரிஞ்சா நான் நடவை நிறுத்தி, இதைப் பறவைக் காப்பிடமா அறிவிக்க எழுதுவேன். ஆனா ஒண்ணு, அப்புறம் யாரும் உள்ள இறங்கக் கூடாது. ஒரு ஆள் கூட."

இன்பமணியின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போயிற்று. பத்தாயிரம் பறவையை இவர்கள் ஒவ்வொருவரும் வருஷா வருஷம் பார்த்தவர்கள். இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான்.

செல்லத்தாய்தான் முன்னால் வந்தாள். "பறவையா? அங்கன ஏது பறவை. நாங்க அப்படி ஒண்ணையும் கண்டதில்லம்மா. ரெண்டு கொக்கு நிக்கும்."

"ஏளா செல்லத்தாயி! பொய் சொல்லாத!" இன்பமணி கத்திய சத்தத்தில் கொக்குகள் எழும்பின.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீரு பதினோரு வருஷம் சொன்னீரு. நான் ஒரு நாளு சொல்லக்கூடாதோ?"

அவள் கண்ணில் பழைய கூடை அப்படியே இருந்தது. இன்பமணிக்கு அவளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சேற்றில் நின்றார். இஞ்ஞாசி மெல்ல, "நட்டா வாய்க்காலுக்குள்ளயாவது இறங்க விடுவாங்கல்லா. காப்பிடம்னா அதுவும் இல்ல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

மறுநாள் இன்பமணிக்குத் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. பொய்க்கணக்கு எழுதியதை அவரே ஒப்புக்கொண்டதால் விசாரணைக்குக்கூட அவசியம் இருக்கவில்லை. ஓய்வு பெறும்போது ஓய்வூதியமும் நிறுத்திவைப்பு. ஆனால் அந்தப் பொய்க்கணக்கை மட்டும் யாரும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வைக்க வேறு கணக்கு இல்லை என்றார்கள். எழுதியவர் குற்றவாளி, எழுதியது ஆவணம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. பிரேமா அந்த உத்தரவை மடித்து மாதக் கணக்கு நோட்டுக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆவணியில் பொக்லைன் இறங்கியது. பதினைந்து வருஷம் கால் வைத்த இடத்தை அது வாரி வாரிக் கரையில் போட்டது. சேற்றின் அடியில் இருந்த மட்டிகள் கருப்பாய் மேலே வந்து வாயைப் பிளந்து நாறின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி சிறுசுகள். தின்று முடித்த மீனைத் தட்டில் வைத்தது போலத்தான் இருந்தது. கரையில் கன்று நடும் வேலைக்கு ஊர்ப் பெண்கள்தான் வந்தார்கள். செல்லத்தாயும் வந்தாள். இன்பமணி தினமும் வரப்பில் போய் நின்றார். அவரை யாரும் விரட்டவில்லை, யாரும் பேசவுமில்லை.

புரட்டாசிக் கடைசியில் இஞ்ஞாசி காலையிலிருந்து சேறு முழுக்கச் சுற்றி ஏழே நண்டோடு கரையேறினான். இன்பமணி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"வளை ஒண்ணுமில்ல வே. எல்லாம் காஞ்சு போச்சு. வாய்க்காலுக்குள்ள ஆள் உயரத் தண்ணி."

"உள்ள இறங்க விட்டாங்கல்லா? இறங்கிப் பிடியும்."

இஞ்ஞாசிக்கு முகம் சிவந்தது. பையை வீசிவிட்டுப் போனான். இன்பமணிக்கு அதில் கிடைத்த சந்தோஷம் பைக்கை எடுக்கிறவரைக்கும் கூட நிற்கவில்லை.

ஐப்பசி எட்டாம் தேதி, நல்ல வெயிலில், பூநாரைகள் வந்தன. முதலில் கடல் பக்கம் ஒரு கோடு தெரிந்தது. கோடு அகலமாகி, ரோஸும் கருப்புமாகச் சிறகடித்துத் தலைக்கு மேல் வந்தது. இன்பமணி வரப்பில் எழுந்து நின்றார். இறங்குகிறதா என்று பார்த்தார். பொதுவாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடும். அன்று மூன்று சுற்று. கால்களை நீட்டிக்கொண்டு தாழ வரும், கரைமேட்டையும் கன்றுகளையும் கண்டு மறுபடி ஏறும். அப்பால் பார்க்க முடியாத மேடு, நரி ஒளிந்திருக்க வசதியான மறைவு, நிற்க முடியாத ஆழம். பிள்ளைகளோடு பழைய வீட்டுக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திண்டாடுகிற குடும்பம் போல அவை சத்தமிட்டுக்கொண்டே சுற்றின. நாலாவது சுற்றில் வடக்கே திரும்பி, கிரேன்களுக்கு மேலாக உயர்ந்து போய்விட்டன. கீழே வாய்க்கால் கரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் கையில் மண்ணோடு அப்படியே நின்றாள். அவளைப் பார்த்து, இப்போதாவது ஒரு பறவையைக் கண்டாயா என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு கேட்கவில்லை.

தை வந்தது. கணக்கெடுப்புக்குப் புதுக் காவலர் சுடலைக்கண்ணன் வந்தான். மூன்று மாதம்தான் ஆகிறது வேலையில் சேர்ந்து, நல்ல பையன். வரப்பில் நிற்கிற ஆள் யாரென்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போல நடந்துகொள்ள அவனுக்கு வராது.

"அண்ணாச்சி, நான் முதல் தடவை எண்ணுதேன். தப்பா எழுதிரக்கூடாது. ஒரு தடவை பாத்துச் சொல்லுதீங்களா?"

ஒழுங்காகத்தான் எண்ணினான். காலை ஆறு மணிக்கு இறங்கி, எல்லா வாய்க்காலோரமும் நடந்து, ஒவ்வொரு கொக்கையும் ஒவ்வொரு நீர்க்காகத்தையும் குறித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு பத்து மணிக்குத் திரும்பி வந்து தாளை நீட்டினான். இன்பமணி வாங்கிப் பார்த்தார். கீழே கூட்டல் போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். தாளை அவனிடம் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

தலைவாய்க்காலிலிருந்து ஆரம்பித்து அவரே எண்ணினார். ஒரு கோட்டான் இருந்துவிடாதா, ஒரு உள்ளான் கரைக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிடாதா என்று ஒவ்வொரு மடிப்பிலும் குனிந்து பார்த்தார். கூடுதலாக ஒன்று. அல்லது ஒன்று குறைந்தாலும் போதும். எண்ணி முடித்து, நம்பாமல், மறு கோடியிலிருந்து திரும்ப எண்ணினார். மூச்சு வாங்கியது. வரப்பில் இஞ்ஞாசியும் வந்து நின்றிருந்தான். ஏதோ கேட்க வந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சரியா இருக்கா அண்ணாச்சி?" என்றான் சுடலைக்கண்ணன்.

"முப்பத்தெட்டு" என்றார் இன்பமணி. "சரியாத்தான் இருக்கு. கையெழுத்துப் போடு."